வரமுன்னம் சொல்லச் சொன்ன காக்காவுக்கு

என் உயிரான ஆதம்லெப்பைக் காக்காவுக்கு, கூடப்பிறந்த தங்கச்சி சுலைகா ஸலாம் சொல்லி எழுதுவது.

பின்நேரமானால் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு என்ன புதினம் தங்கச்சி?" என்று கேட்பீர்கள். அந்தக் குரலைக் கேட்டு நாலு வருடமாகிறது. புதினங்கள் மட்டும் நிற்கவில்லை. சேர்ந்து சேர்ந்து நெஞ்சுக்குள் இடமில்லாமல் போய்விட்டது.

பேரன் நௌபலுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிட்டது, காக்கா. கணக்குப் படிப்பிக்கிறான். பதினேழையும் எட்டையும் கூட்டத் தெரியாமல் உங்களிடம் குட்டு வாங்கியவன்தான். அடுத்த பேரன் அஸ்மி மீலாத் விழாப் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்தான். வீட்டில் சோறு வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காத பிள்ளை, மேடையில் ஏறினால் இறங்கச் சொல்லி மணி அடிக்க வேண்டியிருக்கிறது. சின்னப் பேத்தி பஸீனா குர்ஆன் ஓதி முடித்துவிட்டாள். அதே வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலும் எடுத்துவிட்டாள். நான் புத்தகத்தை மூடி வைத்த வகுப்பில் அவள் பரிசு வாங்குகிறாள். அன்றைக்கு நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இனி, உங்களை மூத்தப்பா என்று கூப்பிடுகிற நம் பேத்தி றிஸ்மியா. நீங்கள் போகும்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். சண்டையால் பாதை மூடியிருந்தபடியால் உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. மூன்றாம் நாள்தான் வந்தாள். வந்தவள் உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் இப்போது ஜப்பானில் இருக்கிறாள். அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுத்து, மேல் படிப்புக்கு அனுப்பியிருக்கிறது. மெஷின்களுக்குக் கண் வைக்கிற படிப்பு என்று எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னாள்.

நல்ல புதினத்தை முதலில் சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்ல எனக்குத் தைரியம் சேர வேண்டும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கடிதத்தை நௌபல் பத்திரிகையின் நினைவுப் பக்கத்துக்கு அனுப்பப்போகிறான். எழுத்துப் பிழையை மட்டும் திருத்து, வேறொன்றிலும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் இடையில் இருக்கிற ஒன்றை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். முடிவில் விளங்கும்.

உங்களுக்குக் கண் தெரியாமல் போன பிறகு, யாரிடமிருந்தாவது படம் வந்தால் என் கையில் தந்து, "வாசி" என்பீர்கள். படத்தை எப்படி வாசிக்கிறது என்று நான் சிரிப்பேன். நீங்கள் விடமாட்டீர்கள். என்ன உடுப்பு, யார் பக்கத்தில், மெலிஞ்சிருக்கா, கறுத்திருக்கா என்று ஒன்றொன்றாகக் கேட்டு, கடைசியில் ஒரு கேள்வி வைப்பீர்கள். "வாய் சிரிக்கிறது இருக்கட்டும். கண் சிரிக்குதா?" நான் நன்றாகப் பார்த்து ஓம் என்றால்தான் படத்தைத் திருப்பி வாங்குவீர்கள்.

போன நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு மாதத்தில் றிஸ்மியாவின் படம் ஒன்று வந்தது. பின்னால் இரண்டு வரி. "மூத்தம்மா, போட்டியில் எடுத்தது. விபரமாகக் கடிதம் பின்னால் வருகிறது." அவ்வளவுதான். உங்களுக்கு வாசிக்கிறது போல அந்தப் படத்தை நான் வாசித்தேன். நீல நிறச் சட்டை, தலையில் வெள்ளை முந்தானை. மெலியவில்லை. வாய் சிரிக்கிறது. ஆனால் மூக்குக்கு மேலே முகமே இல்லை, காக்கா. மோட்டார் சைக்கிள்காரர் போடுகிற தலைக்கவசம் போல ஒன்று, அதிலும் பெரியது, கறுப்பு நிறம், இரண்டு கண்ணையும் நெற்றியையும் சேர்த்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பின்னால் சடை போல வயர்கள் தொங்குகின்றன. உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனாலும் எனக்குப் பெருமை. ஜப்பானில் போட்டி என்றால் சும்மாவா. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்துக் கண்ணாடி அலுமாரியில், பரிசுக் கிண்ணங்களுக்கு நடுவில் வைத்தேன். அதுதான் நான் செய்த முதல் பிழை. இரண்டாவதைப் பிழை என்று சொன்னால் போதாது.

நிந்தவூரில் இருந்து றிஸ்மியாவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. பொடியன் நீர்ப்பாசனக் காரியாலயத்தில் வேலை. மரியாதையான பிள்ளை, படித்த குடும்பம். றிஸ்மியாவும் படத்துக்கு முந்திய கடிதத்தில், படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை பொறுப்பார்கள் என்றால் பாருங்கள் என்று எழுதியிருந்தாள். அவளுடைய உம்மா, என் மகள் ஹாஜறா, அந்தக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். இருபத்தாறு வயதாகிவிட்டது என்று ஊர் கதைக்கிறதை அவள்தானே கேட்கிறாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளையின் உம்மாவும், உம்மாவின் தங்கச்சி சாச்சியும் வீடு பார்க்க வந்தார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. பெண் ஜப்பானில் இருந்தாலும் வீடு இங்கேதானே இருக்கிறது. மாப்பிள்ளை வந்து ஏறப்போகிற வீட்டைப் பார்த்துவிட்டால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு குடித்துப் பார்த்தார்கள். "உப்பில்லாத தண்ணி" என்று சாச்சி சொன்னா. கூடத்துக்கு வந்தார்கள். அலுமாரிக்கு முன்னால் நின்றார்கள்.

"என்னகா இது? புள்ளட கண்ணுக்கு என்ன நடந்த?" என்று சாச்சி கேட்டா.

"ஒண்டுமில்ல மச்சி. அது போட்டிக்குப் போடுற பெட்டி" என்றேன்.

"போட்டிக்குக் கண்ணைக் கட்டுறதா? பாத்தா கண்ணாசுப்பத்திரில எடுத்த படம் மாதிரிக் கிடக்கு."

விபரக் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை, காக்கா. அந்தப் பெட்டி என்னத்துக்கு என்று எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படிச் சொல்வது? நானும் ஹாஜறாவும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். அந்தப் பார்வையை அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுஷி. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டா. "குறை நினைக்காதீங்க. உங்கட காக்கா ஒருத்தர், வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானையா இருந்தவர், கண் தெரியாமத்தானே மௌத்தாப் போன? அது ரெத்தத்தில வாற வருத்தமா?"

உங்கள் கண்ணுக்கு என்ன நடந்தது என்று எந்த டொக்டரும் நமக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. நரம்பு பட்டுப்போய்விட்டது என்றார்கள், அவ்வளவுதான். ரத்தத்தில் வருமா வராதா என்று நாங்கள் கேட்கவும் இல்லை. தெரியாது என்று நான் சொல்லியிருக்கலாம். அது உண்மை. அந்த நேரம் ஹாஜறாவின் முகத்தைப் பார்த்தேன். தேத்தண்ணித் தட்டை நீட்ட மறந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆதம்லெப்பைக் காக்கா எங்கட கூடப்பொறந்தவர் இல்ல" என்று சொன்னேன். "எங்கட உம்மா எடுத்து வளத்த புள்ள."

யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, காக்கா. யோசித்தும் சொல்லவில்லை. சும்மா வாயில் இருந்து விழுந்தது, பல்லு விழுகிற மாதிரி. விழுந்த பிறகுதான் அந்த இடத்தில் நாக்குப் போய்ப் போய்த் தடவியது.

அவர்களுக்குச் சந்தோஷம். "அப்பிடியெண்டாச் சரி" என்று சிரித்து, தொதல் பலகாரமும் எடுத்துச் சாப்பிட்டார்கள். அடுத்த மாதம் ஆண்கள் வந்து நாள் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹாஜறா படலையைச் சாத்திவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சுவர் யார் வைத்தது? வாப்பா மௌத்தான அன்றைக்கு உங்களுக்கு இருபது வயது. எனக்கு ஒரு வீடு வேண்டும், வீடில்லாத பெண்ணை யார் எடுப்பான் என்று செங்கல்லை வண்டிலில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். ஏழு வருடம் உங்கள் கலியாணத்தைப் பின்போட்டீர்கள். உங்கள் மனைவி, எங்கள் மச்சி மௌத்தாகி, பிள்ளை குட்டியும் இல்லாமல், உடுப்புப் பெட்டியோடு திரும்பி வந்தபோதுகூட, "உன்ட வீட்டில எனக்கொரு மூலை தருவியா?" என்று கேட்டுத்தான் உள்ளே வந்தீர்கள். அந்த வீட்டின் நடுக்கூடத்தில் நின்றுகொண்டு உங்களை நான் யாரோ பெற்ற பிள்ளையாக்கினேன்.

பத்து நாள் கழித்து விபரக் கடிதம் வந்தது. ஹாஜறா சத்தமாக வாசித்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்டேன்.

அது ஒரு வண்டி, காக்கா. றோபோ என்கிறார்கள். புடைக்கிற சுளகளவுதான் இருக்குமாம். நாலு சில்லு, முன்னால் நண்டுக்கால் மாதிரி ஒரு கை, மேலே ஒரு கழுத்து, கழுத்தில் இரண்டு கமெரா. பெரிய மண்டபத்தில் மதில்களும் ஒழுங்கைகளும் செய்து வைத்திருப்பார்கள். வண்டி அதற்குள்ளால் போய், பந்துகளைப் பொறுக்கி வந்து கூடையில் போட வேண்டும். ஓட்டுகிற பிள்ளை மண்டபத்தில் இருக்கக்கூடாது. வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெட்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சின்ன டீவி. இவள் தலையைத் திருப்பினால் அங்கே வண்டியின் கழுத்துத் திரும்பும். வண்டி பார்க்கிறதை இவள் பார்ப்பாள். இதற்கு வேர்ச்சுவல் றியாலிட்டி என்று பெயராம். இருக்கிறது ஓரிடம், பார்க்கிறது வேறிடம். முதல் கிழமை தலை சுற்றிச் சத்தியெடுத்தாளாம். இஞ்சியும் தேசிக்காயும் கிடைக்காத ஊரா அது என்று நான் ஹாஜறாவிடம் கேட்டேன்.

அப்படியொரு பெட்டியை எனக்கு ஒரு தரம் மாட்டிவிட்டால், மற்ற முனையில் கமெராவை எங்கே வைக்கச் சொல்வேன்? நீங்கள் இப்போது இருக்கிற இடத்தில்தான்.

பிறகு அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். ஹாஜறாவை மூன்று தரம் வாசிக்க வைத்துப் பாடமாக்கிவிட்டேன்.

"மூத்தம்மா, இதில் உள்ள பெரிய கரைச்சல், படம் பிந்தித்தான் வரும். கண் வெட்டுகிற நேரம்தான், ஆனால் அதற்குள் வண்டி போய்விடும். மதிலில் முட்டிய பிறகுதான் மதில் கிட்ட வந்தது எனக்குத் தெரியும். எல்லோரும் கண்ணை நம்பி ஓட்டி முட்டினார்கள். நானும் முட்டினேன். ஒருநாள் மூத்தப்பாவோடு வட்டை வயலுக்குப் போன ஞாபகம் வந்தது. கண்ணில் தெரிகிற இடத்தில் வண்டி இல்லை, அதற்கு அங்கால போய்விட்டது என்று வைத்துக்கொண்டேன். இனி என்ன வரப்போகிறது என்று காலடி எட்டுக் கணக்கில் வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஓட்டினேன். 'மூணு எட்டுக்கு அங்கால மதில். நில்லுங்க மூத்தப்பா. இப்ப இடக்கைப் பக்கம் திரும்புங்க.' பக்கத்தில் நின்ற ஜப்பான் பிள்ளை, யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டாள்."

ஞாபகமிருக்கா, காக்கா? கண் போன பிறகும் வயல்வெளியை விடமாட்டேன் என்று நின்றீர்கள். வட்டவிதானை வேலையை வேறொருவருக்குக் கொடுத்த பின்னாலும், எந்த வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று சத்தத்தைக் கேட்டுச் சொல்ல, பின்நேர அஸர் தொழுதுவிட்டுப் புறப்படுவீர்கள். பொல்லுப் பிடிக்கமாட்டீர்கள், கை பிடிக்கவும் விடமாட்டீர்கள். எட்டு வயது றிஸ்மியா பின்னால் நடந்துகொண்டு சொல்லச் சொல்ல, நீங்கள் முன்னால் வரம்பில் நடப்பீர்கள். அவள் உங்களை ஓட்டிக்கொண்டு போகிறாள் என்று ஊர்ப் பிள்ளைகள் சிரிக்கும்.

ஒருநாள் அவள் கொக்கு பார்த்துவிட்டாள். "மூத்தப்பா, வாய்க்கால்!" என்றபோது நீங்கள் வாய்க்காலுக்குள் இருந்தீர்கள். தாடியெல்லாம் சேற்றோடு வாசலில் வந்து நின்றீர்கள். பிள்ளை அழுகிறாள். நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். "அவள் சரியாத்தான் சொன்ன. நான்தான் கெதியா நடந்திட்டன்" என்று பொய் சொன்னீர்கள். பிறகு அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, மெதுவாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது. "வந்தாப்பிறகு சொல்லாத புள்ள. வரமுன்னம் சொல்லு."

அவளைக் காப்பாற்ற உங்கள் மேல் நீங்கள் பொய் சொன்னீர்கள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானும் உங்கள் மேல்தான் பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றா, காக்கா?

போட்டியில் இரண்டாமிடம். ஒரு பந்து குறைந்துவிட்டது. போட்டி நாளில் முட்டாமல் ஓட்டியது அவள் ஒருத்திதானாம். நடுவராக வந்த வயசான பேராசிரியர், கண் பிந்தினாலும் கை பிந்தாமல் ஓட்ட யார் பழக்கியது என்று கேட்டிருக்கிறார். "எங்கள் மூத்தப்பா, கண் தெரியாதவர், என்று சொன்னேன். அவர் உடனே கொப்பியை எடுத்து மூத்தப்பாவின் பெயரைக் கேட்டு எழுதினார். இரண்டு தரம் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது" என்று எழுதியிருந்தாள்.

ஹாஜறா வாசிக்கிறதை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ ஒரு மண்டபத்தில், நம் பாஷை தெரியாத மனுஷர் முன்னால், அந்தப் பிள்ளை உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறாள். நான் உங்கள் கூடத்திலேயே அதை அழித்திருக்கிறேன்.

"நிந்தவூருக்குப் போய் உண்மையச் சொல்லப்போறன்" என்றேன்.

"உம்மா, உங்களுக்கென்ன விசரா? எல்லாம் சரிவந்திட்டு. மாமா கேட்டா மன்னிச்சிருவார்."

"அவர் மன்னிப்பார். அதுதான் கஷ்டம்."

ஹாஜறாவையும் நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்கு ஒரே பெண். அவள் அழுதுகொண்டே, "றிஸ்மியாட்டக் கேளுங்க. அவள் ஓமெண்டாப் போங்க" என்றாள். நியாயம்தான். வாழப்போகிறவள் அவள்.

கல்முனைக்குப் போய், பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ள கொமினிக்கேசன் கடையில் ஜப்பானுக்குக் கோல் எடுத்தோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் ஹாஜறாவும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம். அவள் குரல் கேட்டது. கேட்டதும் நான் கதைத்தேன். நான் கதைக்க அவள் கதைக்க, இரண்டும் முட்டிக்கொண்டன.

"மூத்தம்மா, சத்தம் பிந்தித்தான் வரும். சொல்லிட்டுக் கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

சொன்னேன். அலுமாரி, படம், அவர்கள் கேட்டது, நான் சொன்னது. சொல்லிவிட்டுப் பொறுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. சத்தம் பிந்துகிறதா, இல்லை அவள்தான் கதைக்கவில்லையா? கண்ணாடிக்கு வெளியே பஸ்காரன் அக்கரைப்பற்று, அக்கரைப்பற்று என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பொறுத்த நேரத்தில்தான் எனக்கு விளங்கியது, எட்டு வயதுப் பிள்ளையின் வாயை நம்பி ஒரு கால் எடுத்து வைக்க உங்களுக்கு எவ்வளவு மனது வேண்டியிருந்திருக்கும் என்று.

"மூத்தப்பாவ இல்லையெண்டு சொல்லித்தான் ஒரு மாப்பிள வரணுமா மூத்தம்மா?" கோபமில்லை. அழுகிற குரல். பிறகு, "என்ட கண்ணுக்கும் ஒருநாள் அப்பிடி வந்தா, என்னையும் எடுத்து வளத்த புள்ளயெண்டா சொல்லுவீங்க?" என்றாள்.

நான் பதில் சொன்னேன். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. லைன் விழுந்துவிட்டது. கடைக்காரர் திரும்பவும் எடுத்துப் பார்த்தார், கிடைக்கவில்லை.

அடுத்த நாளே நிந்தவூர் போனேன். ஹாஜறா வரமாட்டேன் என்றாள். ஆனால் நான் உடுத்த சேலையைப் பின்னால் இழுத்துச் சரிசெய்துவிட்டாள். மாப்பிள்ளையின் உம்மா வாசலுக்கு வந்து, "வாங்க மச்சி" என்று கையைப் பிடித்தா. நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்னது பொய். ஆதம்லெப்பைக் காக்கா எங்கட சொந்தக் காக்கா. ஒரு வயித்துப் புள்ளயள் நாங்க. கண் வருத்தம் ரெத்தத்தில வருமா இல்லையா எனக்குத் தெரியா. புள்ளட கண் இண்டைக்கு நல்லா இருக்கு. அந்தப் பெட்டி போட்டிக்குப் போட்டதுதான். நாளைக்கு அல்லாஹ் என்ன எழுதியிருக்கானோ, அதும் எனக்குத் தெரியா."

அவ பிடித்திருந்த என் கையை விட்டா. "முந்தியே சொல்லியிருக்கலாமே மச்சி" என்றா.

"ஓம். ஆனா இன்னும் பிந்தயில்ல. கலியாணத்துக்குப் பிறகு சொன்னாத்தான் பிந்தின."

தேத்தண்ணி தந்தா. குடித்தேன். மகனோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றா. படலை வரை கூட வந்தா. இது நடந்து மூன்று கிழமையாகிறது, காக்கா. ஒரு சொல்லும் வரவில்லை. ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

முதல் கிழமை ஹாஜறா என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. சோற்றை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் கல்முனைக்குப் போய்வந்தவள், ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அலுமாரியைத் திறந்து றிஸ்மியாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். உங்கள் அடையாள அட்டைப் படம். பெருப்பித்து எடுத்திருக்கிறாள். எடுக்கும்போது உங்களுக்குக் கண் தெரிந்த காலம். நேரே பார்க்கிறீர்கள். பக்கத்தில் அவள், கண் இரண்டும் பெட்டிக்குள். "இனி வாறவங்க ரெண்டையும் பாத்திட்டு வரட்டும்" என்றாள். அவ்வளவுதான் கதைத்தாள். எனக்கு அது போதும்.

ஏன் இதைப் பத்திரிகையில் போடச் சொல்கிறேன் என்று இப்போது விளங்கும். நான் பொய் சொன்னது இரண்டு பேருக்கு. ஆனால் வீடு பார்க்க வந்த கதை நாலு ஊருக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆதம்லெப்பை வட்டவிதானை, யாரோ பெற்று எடுத்து வளர்த்த பிள்ளையாமே என்று நாளைக்கு யாரும் கதைக்கக்கூடாது. கதைத்தால், அது பொய் என்று அவருடைய தங்கச்சியே எழுதியிருக்கிறாள் என்று இந்தத் தாளைக் காட்டட்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்ததன் பலன் இந்த ஒரு கடிதமாக இருந்தாலும் பரவாயில்லை.

சில பின்நேரங்களில் உங்கள் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போடுகிறேன். அதில் யாரும் உட்காருவதில்லை. நான் நிலத்தில் உட்கார்ந்து, ஒழுங்கையால் யார் போகிறார் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். சைக்கிளில் மீன்காரர் வாறார். பள்ளிப் பிள்ளைகள் வாறாங்க. கிட்ட வரமுன்னமே சொல்கிறேன், காக்கா. கேட்கிறதா? உங்கள் பக்கத்துக்கு என் சத்தம் பிந்தித்தான் வருமென்றால், நான் சொல்லிவிட்டுப் பொறுத்திருப்பேன்.

உங்களுக்கு நான் தருகிற வாக்கு இது. இனி நம் பிள்ளைகளைப் பற்றி யார் என்ன கேட்டாலும், நீங்கள் யார் என்பதில் இருந்துதான் தொடங்குவேன். உங்களை மறைத்து வருகிற நன்மை எதையும் இந்த வீட்டுப் படி ஏற விடமாட்டேன்.

றிஸ்மியாவுக்கும் இந்தத் தாளை வெட்டி அனுப்புவோம். ஆகையால் மகள், கடைசி வரி உனக்கு. லைன் விழுந்தபோது நான் சொன்னது, உன்னை அப்படி ஒருநாளும் சொல்லமாட்டேன் என்றுதான். அந்தப் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கண்ணும் தெரிய ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட இல்லை. உன் மூத்தப்பாவுக்கு நான் ஒரு படம் வாசித்து முடிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரே உம்மாவின் வயிற்றில் உங்களுக்கு மூன்று வருடம் பிந்திப் பிறந்த சொந்தத் தங்கச்சி,
சுலைகா உம்மா,
சாய்ந்தமருது.